அனுமதி உள்ள சுவர்

அக்டோபர் 3, வெள்ளி

பால் இனி அரை லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆகஸ்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிரின்சி அம்மா எங்கள் மகளின் பேறுகாலத்துக்காக மஸ்கட் போன பிறகும் ஒரு லிட்டர்தான் வந்துகொண்டிருந்தது. மீதியை உறை ஊற்றி, தயிரைத் தீர்க்க வழி தெரியாமல் பக்கத்து வீட்டு வாஸுக்குக் கொடுத்து வந்தேன். நேற்று அவர், "அண்ணாச்சி, தயிர்க்கடை போட்டுட்டீயளோ?" என்று கேட்டுவிட்டார்.

நடையில் ஒரு புதுமை. வழக்கமாக ஐஸ் கம்பெனி வரை போய்த் திரும்புவேன். இன்று அங்கே ஒரு நாய் நின்று என்னையே பார்த்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனதில் கடற்கரைக் கோடியில் இருக்கும் ஸ்கேட் பார்க் வரை போய்விட்டேன். பையன்கள் சக்கரப் பலகையில் ஏறிச் சிமெண்ட் பள்ளங்களில் சறுக்குகிற இடம். அதன் பின்னால், கடலைப் பார்த்து ஒரு நீண்ட சுவர். சுவர் முழுக்க எழுத்து, முகம், மீன், மறுபடியும் எழுத்து. ஓரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை: "இந்தச் சுவரில் எவரும் வரையலாம். வேறு சுவர்களில் வரைவது குற்றம்."

மூன்று முறை படித்தேன். எவரும் என்று போட்டிருக்கிறார்கள். வயது, கல்வித்தகுதி, விண்ணப்பம் எதுவும் கேட்கவில்லை.

வீடு வரும்வரை நெஞ்சு படபடத்தது. நடை அதிகமானதால் இருக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை. வரும் வழியில் சாளை மீன் வாங்கினேன். மாலை மஸ்கட்டிலிருந்து அழைப்பு. பிரின்சி அம்மா, "சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "மாத்திரை?" போட்டேன் என்றேன். பேரன் அழுதான். வைத்துவிட்டாள். சுவரைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

சனிக்கிழமையும் அங்கே போனேன், இன்றும் போனேன். பலகையைப் படித்துக்கொண்டு நின்றபோது பின்னால் ஒரு குரல்:

"தாத்தா, மூணாவது நாளா போர்டையே படிக்கீங்க. பரீட்சையா?"

இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண். விரல் நகமெல்லாம் நீலச் சாயம். பெயர் தபித்தா, பிளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். சுவரில் அவள் எழுதும் பெயர் 'சுறா'. அவள் பக்கத்தில் சக்கரப் பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி நிஜாம் என்ற ஒல்லிப் பையன். சுவரில் அவன் 'நண்டு'.

"நான்கூட ஏதோ ஆபீசருன்னு நெனச்சேன்டி," என்றான் நிஜாம். "போர்டைப் புடுங்க வந்திருக்காருன்னு."

மூன்று நாளும் என்னைப் பார்த்திருக்கிறார்கள்! மன்னிக்கவும் என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "எவரும் என்றால், இதற்கு மேல் வயது வரம்பு எதுவும்..." என்று கேட்டேன்.

நிஜாம் சிரித்துவிட்டான். தபித்தா சிரிக்கவில்லை. "எழுதணுமா தாத்தா?" என்றாள்.

"இல்லை, இல்லை. சும்மா தெரிந்துகொள்ள."

"ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவன் எழுதினதுக்கு மேல எழுதலாம். ஆனா மறைச்சா முழுசா மறைக்கணும். பாதி மறைச்சு மீதிய விட்டா அது அவமானப்படுத்துறது."

"மறைக்கப்பட்டவருக்குக் கோபம் வராதா?"

"வரும். அதான் அவன் திருப்பி வந்து நம்மள மறைப்பான்."

எவ்வளவு சிறந்த ஏற்பாடு!

துறைமுக வரைபடப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடலின் ஆழங்களைப் படத்தில் எழுதினேன். மூன்று மில்லிமீட்டர் உயர எண்கள். அதைவிடப் பெரிதாக என் வாழ்நாளில் எதையும் எழுதியதில்லை என்பது இன்று திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது.

அக்டோபர் 8, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலில் நின்ற பையன் மேசையில் விரித்திருந்த கிராப் தாளைப் பார்த்து, "வீடு கட்டுறீங்களா சார்?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

ஸ்ப்ரே டப்பா வாங்கினேன். பைக்குக்குக் கீறல் மறைக்க அடிப்பார்களே, அதே டப்பா. கடைக்காரர், "என்ன வண்டி?" என்று கேட்டார். வண்டி இல்லை. "டிவிஎஸ்," என்றேன். ஒரே வாரத்தில் இரண்டாவது பொய்.

மொட்டை மாடியில், வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியை விரித்து வைத்துப் பழகினேன். கிட்டே பிடித்தால் வழிகிறது. எட்டிப் பிடித்தால் புகையாகிப் பறக்கிறது. கை நிற்கவே கூடாது. நின்ற இடத்தில் குளம் கட்டிவிடுகிறது. யோசிப்பவனுக்கு ஏற்ற கருவி இல்லை. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தோளிலிருந்து கையை வீசி இழுத்ததில் ஒரு வளைவு விழுந்தது. நடுக்கமே இல்லாத வளைவு! மாடியில் தனியாக நின்று கைதட்டினேன்.

ஸ்ப்ரே அடித்தால் மூக்கிலிருந்து இரண்டு நாளைக்குக் கறுப்பாக வரும் என்று நிஜாம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். வருகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

பிரின்சிதான் பேசினாள். "அப்பா, அம்மா ஜனவரி வரைக்கும் இருக்கட்டுமா?"

"உங்கள் சௌகரியம்," என்றேன்.

"எங்க சௌகரியம் இருக்கட்டும்ப்பா. நீங்க என்ன சொல்றீங்க? அம்மாவுக்கு அதான் தெரியணுமாம்."

விசா நீட்டிப்புக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னேன். பிறகு, "சரிப்பா," என்றாள்.

இரவு சாப்பாடு பிடிக்கவில்லை. மீன் நேற்றையது.

அக்டோபர் 15, புதன்

எழுதிவிட்டேன்!

நிதானமாக எழுத முயல்கிறேன். காலை ஐந்தரைக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறினால் கடலிலிருந்து வீசத் தொடங்கி மையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சுவரின் நடுவில் வெயிலில் வெளிறிப்போன ஒரு பழைய ஓவியம். அதை முழுசாக வெள்ளையடித்தேன். வெள்ளை காயும்வரை கிராப் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாளில் இருந்தது என் பெயர். பெர்க்மான்ஸ். ஒரு வாரமாக வரைந்த திட்டம். சாக்பீஸை எடுத்து முதல் எழுத்தைத் தொடங்கினேன். கை நின்றுவிட்டது. எட்டடி அகலத்தில் என் பெயரா? ஊர் பார்க்குமே. வாஸ் பார்ப்பாரே. எழுபது வயதுக் கிழவன் தன் பெயரைத் தானே ஊருக்கு அறிவித்துக்கொள்கிறான் என்று நினைப்பார்களே. நான் யார்? எதைச் செய்துவிட்டேன்?

போட்ட கோட்டை அழித்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று டப்பாக்களைப் பைக்குள் போட்டேன். பிறகு எப்படியென்று தெரியவில்லை, டப்பா கையில் இருந்தது, தாள் இல்லை, சாக்பீஸ் இல்லை, நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா.

பிரின்சி அம்மாவின் பெயர். நாற்பது ஆண்டுகளில் நான் இந்தப் பெயரை எழுதியதெல்லாம் ரேஷன் அட்டை மனுவிலும் வாரிசுதாரர் கட்டத்திலும்தான். வாயால் சொன்னதாக நினைவே இல்லை. 'ஜ'வின் வயிற்றுச் சுழியை இவ்வளவு பெரிதாக வீச முடியும் என்று யார் நினைத்தது! 'சி'யின் கொக்கி என் தலைக்கு மேலே போயிற்று. 'ந்' மேலே வைக்க வேண்டிய புள்ளிக்காகக் குதித்தேன். ஆம், குதித்தேன். 'தா'வின் கால் கொஞ்சம் வழிந்துவிட்டது. நீலத்துக்கு மஞ்சள் ஓரம்.

ஆறரை மணிக்குள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

தபித்தா கண்டுபிடித்துவிட்டாள். என் செருப்பில் நீலம்.

"தாத்தா, நீங்களா? லே நண்டு, தாத்தா லே!"

இருவரும் சுவர் முன்னால் நின்று பார்த்தார்கள். நிஜாம், "இது செம கை," என்றான். என் காது சூடாகிவிட்டது.

"யாரு தாத்தா ஜெசிந்தா?" என்றாள் தபித்தா.

"என் மனைவி," என்றேன். உடனே இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்த மையின் நெடி அப்படி.

தபித்தா என் முழங்கையை லேசாகத் தொட்டாள். நிஜாம் தலையில் கிடந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கலைக்கு இந்தத் தலைமுறை காட்டுகிற மரியாதை எனக்கு வியப்பாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரெல்லாம் வெடிப் புகை. சுவரில் இடதுபக்கம் புதிதாக ஒரு புலி. வலதுபக்கம் யாரோ இரண்டு பேர் பெயர் மேல் பெயர் எழுதிச் சண்டை. நடுவில் என்னுடையது அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

இதைத் தற்பெருமை இல்லாமல் பதிவு செய்ய முடியுமா என்று பார்க்கிறேன். புலி போய்விட்டது. புலியை மறைத்த ரயிலும் போய்விட்டது. நிஜாமின் 'நண்டு' இரண்டு முறை மறைக்கப்பட்டு மூன்றாவது முறையாக முளைத்திருக்கிறது. தபித்தாவின் 'சுறா'வையே ஒருவன் மறைத்துவிட்டான். 'ஜெசிந்தா'வை ஒருவரும் தொடவில்லை. சுவரில் அப்படித் தொடாமல் இருப்பது இரண்டே பெயர்கள்: தூண் ஓரத்தில் வெள்ளையில் எழுதிய 'ரூபன்', நடுவில் நான். அந்த ரூபனின் எழுத்து அப்படியொன்றும் சிறப்பாக இல்லை என்பது என் கருத்து.

இன்று நிஜாமிடம், "உன் எழுத்தில் இடைவெளி சீராக இல்லை, அதனால்தான் மறைக்கிறார்கள்," என்று சொல்லியே விட்டேன். "சரி தாத்தா," என்று பணிவாகக் கேட்டுக்கொண்டு, எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தான். "மதியம் சாப்பாடெல்லாம் என்ன பண்றீங்க? எங்க வீட்டுல இருந்து கொண்டாரட்டா?" என்றான்.

என் வாழ்நாளில் யாருக்கும் நான் அபிப்பிராயம் சொன்னதில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

நானே பேசினேன், பிரின்சியின் அழைப்புக்குக் காத்திருக்காமல்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ வந்துவிடு, ஜெசிந்தா."

லைன் போய்விட்டதோ என்று போனைக் குலுக்கிப் பார்த்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"ஒன்றுமில்லை. ஜனவரி வரை வேண்டாம். வந்துவிடு என்றேன்."

"உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நன்றாக இருக்கிறேன். இதைவிட நன்றாக இருந்ததில்லை."

நவம்பர் ஆறாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருப்பதாக ஒரு மணி நேரத்துக்குள் பிரின்சி செய்தி அனுப்பினாள். பின்னால் மூன்று கேள்விக்குறிகள்.

மாடிக்குப் போய் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்ததும் முதல் வேலையாகச் சுவருக்கு அழைத்துப் போவேன். இவ்வளவு பேர் இருக்கிற ஊரில் ஒருவரும் மறைக்கத் துணியாத எழுத்து!

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் பெற்றோர் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். மாலை ஐந்து மணிக்குச் சுவரைப் பார்க்கப் போனேன்.

'ரூபன்' பெயருக்குக் கீழே ஒரு வரிசை மெழுகுவர்த்தி எரிந்தது. 'ஜெசிந்தா' பெயருக்குக் கீழேயும் ஒரு வரிசை. அதே செவ்வந்தி. பதினைந்து பேர் போல, எல்லாம் சின்னப் பிள்ளைகள், பலகைகளைத் தரையில் வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். ஒருவரும் சறுக்கவில்லை. தபித்தா தலையில் முக்காடு போட்டிருந்தாள்.

"வாங்க தாத்தா. நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"இது..." என்றேன்.

"ரூபன் எங்ககூடச் சறுக்கினவன். போன வருசம் கடல்ல போயிட்டான். இந்தச் சுவத்துல எல்லாரும் அவங்கவங்க பேரத்தான் எழுதுவோம். இன்னொருத்தர் பேர எழுதினா அது இறந்தவங்களுக்கு. அத யாரும் தொட மாட்டோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாட்டிக்காக எங்க அம்மா இன்னைக்கு ஒரு பூசையும் குடுத்திருக்கா தாத்தா. காலையில பேரு வாசிச்சாங்க. கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. நான் போனது வேறு கோயிலுக்கு.

வாயைத் திறந்தேன். ஒரு சின்னப் பிள்ளை என் கையில் எரிகிற மெழுகுவர்த்தியைக் கொடுத்தது. வாங்கி வைத்தேன். அவர்கள் ஜெபம் சொன்னார்கள். நானும் சொன்னேன். இறந்த விசுவாசிகளின் ஆன்மாக்கள் சமாதானத்தில் இளைப்பாறுவதாக, ஆமென்.

அவள் வியாழக்கிழமை வருகிறாள்.

நவம்பர் 3, திங்கள்

மழை. வெளியே போகவில்லை. அவர்கள் மறைக்காததற்குக் காரணம் என் எழுத்து இல்லை. நிஜாமிடம் இடைவெளி பற்றிச் சொன்னதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

'வந்துவிடு' என்று சொன்னது, அந்த எழுத்தின் பலத்தில்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

நானே மறைத்துவிடுவது என்று முடிவு செய்து, வெள்ளை பெயிண்டும் ரோலரும் எடுத்துக்கொண்டு விடியும்போது போனேன். ரோலரைத் தூக்குவதற்குள் நிஜாம் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் தாத்தா! மனசு அப்படித்தான் இருக்கும். எங்க வாப்பா மவுத்தானப்ப உம்மாவும் போட்டோவையெல்லாம் கழத்தி வச்சிட்டா. பொறவு அழுதா."

"அது அப்படி இல்லை, தம்பி..."

"தெரியும். எல்லாம் தெரியும். வாங்க, டீ குடிப்போம்."

ரோலரை அவனே கழுவி, பையில் வைத்து, என்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டான். வழியில் அவன் சொன்னதுதான் மோசம். ஞாயிறன்று பெரிய விழாவாம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரைகிறவர்கள் வருகிறார்கள். சுவரின் நடு இடம் தபித்தாவுக்கு என்று ஆறு மாதத்துக்கு முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். அவள் இரண்டு வாரத்துக்கு முன் அதை விட்டுக்கொடுத்துவிட்டாள். கழிப்பறைப் பக்கம் வரையப் போகிறாள். "பாட்டி இருக்கட்டும்னுட்டா," என்றான்.

உயிரோடு இருக்கிற ஒருத்திக்காக!

நவம்பர் 5, புதன்

சொல்லிவிட்டேன். பிளெக்ஸ் கடைக்கே போய், இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

"தபித்தா, அவள் உயிரோடு இருக்கிறாள்."

"என்ன தாத்தா?"

"என் மனைவி. உயிரோடு இருக்கிறாள்."

இயந்திரத்தை நிறுத்தினாள். "எங்க?"

"மஸ்கட்டில். நாளைக்கு வருகிறாள்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "நான் அழுதேன் தெரியுமா? அந்தப் பேருக்கு முன்னால நின்னு அழுதேன். உங்கள நெனச்சு. எங்க அம்மா பூசை குடுத்தா. மூணு நாளு நீங்க சும்மா இருந்திருக்கீங்க!"

எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது என்றேன். இந்த மூன்று நாளும் பயம் என்றேன். இரண்டும் உண்மை.

"நீங்களே மறைச்சுக்கோங்க" என்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "அவங்க வந்து சுவத்துக்கு முன்னால நிக்கணும். என் கண்ணால பாக்கணும். அப்பத்தான் மறைப்பேன். இல்லைன்னா அது செத்தவங்க பேருதான். ஞாயித்துக்கிழமை வர்ற அத்தனை பேரும் அதுக்குப் பூ வைப்பாங்க."

"அவள் பார்த்தால் திரும்ப மஸ்கட்டுக்கே..."

"அது உங்க பாடு," என்று இயந்திரத்தைப் போட்டுவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

ஜெசிந்தா வந்துவிட்டாள். விமானம் தாமதம். இளைத்திருக்கிறாள். சமையலறையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே," என்றாள். பெரிய பெட்டி பேரீச்சம்பழம். "எதுக்குங்க திடீர்னு வரச் சொன்னீங்க?" என்று காரில் ஒரு முறை, வாசலில் ஒரு முறை, சாப்பிடும்போது ஒரு முறை கேட்டாள். சும்மா என்றேன். மூன்றாவது முறை அவள் முகம் மாறியது. பெட்டியில் பாதித் துணியை வெளியே எடுக்காமலே மூடி வைத்துவிட்டாள்.

நவம்பர் 7, வெள்ளி

சொல்லவில்லை. பெட்டி அப்படியே இருக்கிறது.

நவம்பர் 8, சனி

காலை ஆறு மணிக்கு, "ஒரு இடம் வரை போய் வரலாம், வா," என்றேன். அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஐஸ் கம்பெனி நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவளிடம் போனது. சுவர் வரும்வரை நான் பேசவில்லை.

தபித்தாவும் நிஜாமும் முன்பே இருந்தார்கள். இன்னும் ஏழெட்டுப் பேர், எங்கோ பார்ப்பதுபோல. நேற்று மாலை நிஜாமிடம் நேரம் சொல்லியிருந்தேன்; செய்தி பரவியிருக்கிறது.

ஜெசிந்தா சுவரின் ஒரு முனையிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் வந்து நின்றாள். எழுத்து அவளை விட உயரம். கீழே உருகிக் காய்ந்த மெழுகு, சருகான செவ்வந்தி.

"ஜெசிந்தா," என்று வாசித்தாள். "நம்ம ஊர்ல வேற ஜெசிந்தா இருக்காளா?"

"இல்லை."

"அப்ப நான்தானா?"

"ஆமாம்."

"நான் செத்துட்டேனா?"

நிஜாம் பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டான். தபித்தா முன்னால் வந்து, "பாட்டி, தப்பு எங்க மேலதான். இங்க எல்லாரும் அவங்கவங்க பேரத்தான் எழுதுவோம். தாத்தா உங்க பேர எழுதினாரு, நாங்கதான் நீங்க இல்லைன்னு நெனச்சு..." என்றாள். நேற்றுவரை என்னோடு பேசாதவள்.

"உயிரோட வந்து ஒரு நிமிசம் ஆகல, பாட்டியாக்கிட்டியே! ஆன்ட்டின்னு சொல்லு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களா எழுதினீங்க? இவ்வளவு பெரிசாவா?"

"ஆமாம்."

"இதுக்கா வரச் சொன்னீங்க?"

"ஆமாம். இல்லை. எழுதிய பிறகுதான் வரச் சொல்லத் தைரியம் வந்தது."

இதை இத்தனை பேர் முன்னால் சொன்னேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன்.

அவள் கிட்டே போய் 'ஜ'வின் சுழியில் கையை வைத்து, அது போகிற வழியே கையை ஓட்டிக்கொண்டு போனாள். கை எட்டுகிறவரை. வெகுநேரம் முதுகுதான் தெரிந்தது.

"பிரின்சி பிறக்கிற வரைக்கும் 'இந்தா'. அதுக்கப்புறம் 'பிரின்சி அம்மா'," என்றாள், சுவரிடம். "எம் பேரு தெரியாதோன்னுகூட நெனச்சிருக்கேன். தெரிஞ்சிருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது வேறு ஆளாக இருந்தாள். "எல்லாரும் அவங்கவங்க பேரத்தான எழுதுவாங்கன்னு சொல்லுது இந்தப் புள்ள. உங்க பேரு எங்க?"

"எனக்கு... எழுதத் தோன்றவில்லை."

"பயம்!" என்றாள் பிள்ளைகளைப் பார்த்து. "ரேஷன் கடையில சண்ட போட நான். பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸ பாக்க நான். இப்ப சுவத்துலயும் என்னைய முன்னால நிறுத்திட்டு இவரு பின்னால ஒளிஞ்சிக்கிட்டாரு. அதுலயும் சாகடிச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். நிஜாம் உட்கார்ந்தே விட்டான். நானும் சிரித்திருக்கிறேன் போல; கன்னம் வலித்தது. தபித்தா நடு இடத்தை விட்டுக்கொடுத்த கதையை நிஜாம் சொன்னான்.

"ஏ தபித்தா, நீ உன் இடத்த எடுத்துக்க மக்கா. நல்லா மறைச்சிரு. இங்க பாரு, உயிரோடதான் இருக்கேன்." தபித்தாவின் கன்னத்தைத் தன் விரலால் நிமிண்டிக் காட்டினாள். பிறகு என்னிடம், "நீங்க எழுதுங்க. நான் இங்கன உக்காந்திருக்கேன்," என்று ஒரு சிமெண்ட் சரிவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கழிப்பறைப் பக்கத்து இடம் எனக்குக் கிடைத்தது. டப்பா நிஜாமுடையது, ஆரஞ்சு. கிராப் தாள் இல்லை. பெர்க்மான்ஸ் என்று எழுதினேன். 'க்' பக்கத்தில் கை நின்று மை வழிந்தது. 'மா' மேலே ஏறிவிட்டது. இடம் போதாமல் கடைசி 'ஸ்' சுவரின் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இடைவெளியைப் பற்றி நிஜாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கோணலா இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "உங்கள மாதிரியே இல்ல. நல்லாருக்கு."

மதியம் அவள் தூங்கிய பிறகு பார்த்தேன். பெட்டி காலியாகப் பரண் மேல் ஏறியிருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

விழா! கூட்டம், பாட்டு, புகை, எங்கும் மை நெடி. தபித்தா நடுவில் ஒரு சுறாவை வரைந்தாள், வாலிலிருந்து மூக்கு வரை இருபது அடி. 'ஜெசிந்தா' முழுசாக மறைந்தது, ஒரு துளி மஞ்சள்கூடத் தெரியாமல். ஜெசிந்தா பக்கத்தில் நின்று, "இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் தெரியுது, அடி," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பேரீச்சம்பழப் பெட்டி காலி.

ஆளுக்கு ஆள் என் பெயரைப் பார்த்தார்கள். கோவைக்காரர் ஒருவர் யார் இந்த பெர்க்மான்ஸ் என்று கேட்டார். நான் என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

என்னை மறைத்துவிட்டார்கள்!

காலை போய்ப் பார்த்தபோது என் பெயர் இருந்த இடத்தில் ஒரு பெரிய பச்சை ஆக்டோபஸ். எட்டுக் காலும் விளிம்புவரை. முழுசாக, சட்டப்படி. கீழே மூலையில் 'நண்டு'. ஒரு நாள்கூடத் தாங்கவில்லை!

நிஜாம் தூரத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கோவமா தாத்தா?"

"ஆமாம்," என்றேன். சொல்ல எவ்வளவு இனிப்பாக இருந்தது! "ரொம்பக் கோபம்."

வீட்டுக்கு ஏறக்குறைய ஓடி வந்தேன். ஜெசிந்தா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு, "அந்த ஒல்லிப் பயலா? நேத்து என் பேரீச்சம்பழத்தத் தின்னுட்டு!" என்றாள்.

மாலை கடைக்குப் போக வேண்டும். கறுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு. ஆக்டோபஸ் பெரியது, முழுசாக மறைக்க வேண்டும், பாதி விடக் கூடாது. கடைக்காரர் என்ன வண்டி என்று கேட்டால், சுவருக்கு என்று சொல்லப் போகிறேன். நாளை காலை ஐந்தரைக்குக் காற்று இருக்காது.